கேமரா யார் பெயரில்?

இதழியலோ காட்சித் தொடர்பியலோ, இளங்கலை ஊடகப் படிப்பு எதுவானாலும் அதில் ஊடக வரலாறு என்றொரு தாள் இருக்கும். கல்லூரிக்குக் கல்லூரி தலைப்பு மாறுமே தவிர உள்ளடக்கம் பெரிதாக மாறுவதில்லை. 1780 ஜனவரி 29 அன்று கல்கத்தாவில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி தொடங்கிய பெங்கால் கெஜட்டில் ஆரம்பித்து, ராம்மோகன் ராய் வழியாக 1878இன் தி இந்து, 1882இன் சுதேசமித்திரன் என்று வந்துசேரும். அங்கே ஜி. சுப்பிரமணிய ஐயரைப் பற்றி ஒரு பத்தி. விதவையான தன் மகளுக்கு 1889இல், பம்பாய் காங்கிரஸ் நடந்த சமயத்தில், மறுமணம் செய்துவைத்த துணிச்சல்காரர் என்று அந்தப் பத்தி முடியும். துணிச்சல்தான், சந்தேகமில்லை. அதற்கான விலையை அவர் சொந்தச் சுற்றத்தாரிடம் கொடுத்தார். ஆனால் மாணவிகள் எழுதும் விடைத்தாளில் அந்த மகளுக்குப் பெயர் கிடையாது. தகப்பனார் நடத்திய பத்திரிகையை அவள் வாசித்தாளா, வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார், தன் கல்யாணத்தைப் பற்றி அச்சில் வந்ததை அவள் பார்த்தாளா என்றெல்லாம் எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. நம் ஊடக வரலாற்றுத் தாளில் பெண் செய்தியாக நுழைகிறாள். செய்தி எழுதுபவளாக அவள் வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடுகிறது.

அந்தத் தாளைக் கற்பிப்பவள் நான் அல்ல. அதே மாணவிகளுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறவள். முதல் நான்கு செமஸ்டர், வாரத்தில் சில மணிநேரம், அவர்கள் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள், பாதி மனது எடிட்டிங் அறையில் இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தவளாக எனக்கு ஒரு கேள்வி பல ஆண்டுகளாக இருக்கிறது. ஊடகத் தொழிலின் கருவிகள், அதாவது அச்சகம், கேமரா, ஒலிவாங்கி, பெண்ணின் கைக்கு எந்த வழியாக வந்தன? யாரிடம் கேட்டு அவள் அவற்றைத் தொட்டாள்?

ஒரு விசித்திரத்தை முதலில் சொல்ல வேண்டும். இந்தியாவில் பல்கலைக்கழக அளவில் இதழியலைப் பாடமாக வைத்த முதல் முயற்சி என்று பாடநூல்கள் குறிப்பிடுவது 1920இல் அடையாறு தேசியப் பல்கலைக்கழகத்தில் அன்னி பெசன்ட் தொடங்கியதை. மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி அவருடைய நியூ இந்தியா நாளிதழில். அதாவது, இந்த நாட்டில் இதழியல் கல்வியின் முதல் பக்கத்திலேயே ஒரு பெண் நிற்கிறாள், அதுவும் பத்திரிகைக்கு உரிமையாளராக, ஆசிரியராக. 1914இல் நியூ இந்தியாவை நடத்தத் தொடங்கிய பெசன்ட், 1916இல் அச்சகச் சட்டத்தின் கீழ் கட்டிய 2,000 ரூபாய் ஜாமீன் தொகையை அரசிடம் இழந்தார், மேலும் 10,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினார், வழக்காடினார், 1917இல் காவலில் வைக்கப்பட்டார். அதே 1917இல் அதே அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவாகிறது, அவர் அதன் தலைவர். அடுத்த ஆண்டு சங்கத்தின் ஸ்திரீ தர்மம் இதழ் வெளிவருகிறது. பெண்கள் நடத்தும் இதழும், இதழியல் வகுப்பும், நாளிதழ் அலுவலகமும் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளிக்குள் ஒரே ஊரில் இருந்திருக்கின்றன. இவை மூன்றும் ஒன்றுசேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. சேரவில்லை. அந்த வகுப்பும் நிலைக்கவில்லை.

பெசன்ட்டை முன்னோடி என்று கொண்டாடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது என்று 1909இல் எழுதியவர் அவர். அம்பேத்கர் அதைப் பின்னாளில் எடுத்துக்காட்டிச் சாடினார். வகுப்பறைக் கதவைத் திறந்துவைத்தவர் யாரைப் பார்த்துத் திறந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்தப் படிப்பின் கதையில் இந்தக் கேள்வி மீண்டும் வரும்.

அதற்குப் பிறகு வந்தவை வேகமாகச் சொல்லிவிடக்கூடியவை. 1938இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் ஒரு முயற்சி, இரண்டு ஆண்டில் நின்றது. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் துறை, பி. பி. சிங் தொடங்கியது, பிரிவினையில் லாகூரை விட்டு டெல்லிக்கு வந்து, பின்னர் சண்டிகர் போய்ச் சேர்ந்தது. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம். 1965இல் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம். மைசூர் மகாராஜா கல்லூரியில் 1951இல் நாடிக் கிருஷ்ணமூர்த்தி இதழியலை இளங்கலையில் ஒரு பாடமாக வைத்தது இந்த வரிசையில் தனித்துத் தெரிகிறது. மற்றவை பெரும்பாலும் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கானவை. பட்டம் வாங்கிய பெண்ணே அபூர்வமான காலத்தில், பட்டத்துக்கு மேல் ஒரு படிப்பு என்பது யாருக்கான படிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டம் வாங்கிய பெண்ணுக்கும் வீட்டில் ஒப்புதல் கிடைத்தது ஆசிரியப் பயிற்சிக்கு, மருத்துவத்துக்கு. பத்திரிகை ஆபீஸ் என்றால் இரவு.

இந்த இரவு என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கலாம். நாளிதழ் இரவில் உருவாகிறது. கடைசிச் செய்தி பத்து மணிக்குமேல் வரும், பக்கம் நள்ளிரவில் முடியும், அச்சு விடியலுக்குள் ஓடி முடிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே பெண்ணைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கலாம் என்றது. அச்சுக்கூடம் தொழிற்சாலை. ஆசிரியர் குழுவின் மேசைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஆனாலும் அந்த மேசைக்கும் அதே நியாயத்தைப் பழக்கமாக நீட்டிக்கொண்டார்கள். இரவு ஷிஃப்டில் பெண்ணைப் போட முடியாது, இரவு ஷிஃப்ட் பார்க்காதவரைத் தலைமைத் துணையாசிரியராக்க முடியாது, ஆகவே பெண்கள் பக்கம், சமையல் பக்கம், ஞாயிறு இணைப்பு. பாதுகாப்புக்காகச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் பதவி உயர்வு வரைக்கும் வேலை செய்தது. சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளியது 2000ஆம் ஆண்டின் இறுதியில்தான். பஞ்சாலைப் பெண் தொழிலாளிகளை முன்வைத்து நடந்த அந்த வழக்கை ஊடகச் சட்டம் கற்கும் மாணவிகளும் படித்தால் நல்லது.

படிப்பு இல்லாத காலத்தில் பெண்கள் ஊடகத்தில் இல்லாமல் இல்லை. எப்படி வந்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

வை. மு. கோதைநாயகி 1901இல் பிறந்தவர், குழந்தை மணம், முறையான பள்ளிப் படிப்பு இல்லை. முதல் படைப்பான இந்திர மோகனா நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அந்தப் பெண் 1925இல் ஜகன்மோகினி இதழை எடுத்து ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார், 115 நாவல்கள் எழுதினார், மேடையில் பேசினார், பாடினார், சிறைக்குப் போனார். ஒரு மாத இதழை நடத்துவது என்றால் என்னென்ன என்று நம் மாணவிகளுக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் செய்முறைத் தேர்வுக்கு எட்டுப் பக்க இதழ் ஒன்றைத் தயாரித்தாக வேண்டும்: உள்ளடக்கம், மெய்ப்பு, தாள், சந்தா, விளம்பரம், அஞ்சல். அதை முப்பத்தைந்து வருடம் செய்தவருக்கு இதழாளர் என்ற பெயர் எளிதில் கிடைக்கவில்லை. இலக்கிய வரலாறு அவரை நாவலாசிரியர் பட்டியலில், அதுவும் பொழுதுபோக்கு நாவலாசிரியர் பட்டியலில் போட்டுவைத்தது. இதழியல் பாடநூலோ அவரை இலக்கியத்திடம் விட்டுவிட்டது. இரண்டு துறைகளுக்கு நடுவில் விழுந்துபோனவர். தமிழ்த்துறைக்காரியாகச் சொல்கிறேன், இதில் எங்கள் பங்கு குறைவானதல்ல.

அவருக்குக் கணவர் பார்த்தசாரதியின் ஆதரவு இருந்தது. நாடகங்களுக்கு அழைத்துச் சென்றவர், எழுதத் தூண்டியவர். அந்த ஆதரவு இல்லாத இன்னொரு கோதைநாயகி என்ன ஆகியிருப்பார் என்பதற்குப் பதிவு இல்லை.

பம்பாயில் ஹோமாய் வியாரவாலா. 1913இல் நவ்சாரியில் பிறந்தவர், ஜே. ஜே. கலைப் பள்ளியில் படித்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படக்கலைஞர் என்று இன்று அறியப்படுபவர். கேமராவை அவருக்குப் பழக்கியவர் பின்னாளில் கணவரான மானெக்‌ஷா. ஆரம்பத்தில் ஹோமாய் எடுத்த படங்கள் அச்சானபோது கீழே இருந்தது மானெக்‌ஷாவின் பெயர். அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் பெயரைவிட அது செல்லுபடியாகும் பெயர். நாட்டின் விடுதலை, நேரு, காந்தியின் இறுதிச்சடங்கு எல்லாம் அவர் லென்ஸ் வழியாக நமக்கு வந்தவை. கணவர் இறந்த அடுத்த ஆண்டு, 1970இல், அவர் படமெடுப்பதையே நிறுத்திவிட்டார். புதிய தலைமுறைப் படக்காரர்களின் நடத்தை பிடிக்காமல் விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பத்ம விபூஷண் கிடைத்தது 2011இல், அவருடைய 97ஆம் வயதில்.

நமக்குப் பக்கத்தில் பி. ஆர். விஜயலட்சுமி. 1985இல் சின்ன வீடு படத்தின் ஒளிப்பதிவாளர். அதற்குமுன் அசோக்குமாரிடம் உதவியாளர். சென்னையில் அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனம் 1960 முதல் இருந்துவந்தது, ஒளிப்பதிவு அங்கே ஒரு பாடம். ஆனால் தமிழ்ப் படத்துக்கு முதன்முதலில் ஒளிப்பதிவு செய்த பெண் அந்த வாசல் வழியாக வரவில்லை. இயக்குநர் பி. ஆர். பந்துலுவின் மகள் அவர். படப்பிடிப்புத் தளம் அவருக்கு அந்நியமான இடமாக இருந்திருக்காது.

இந்த மூன்று பேரின் திறமையையோ உழைப்பையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. மூவருக்கும் கருவி போய்ச்சேர்ந்த பாதையைப் பாருங்கள்: கணவர், கணவர், தகப்பன். கருவி வீட்டுக்குள் இருந்தது, அல்லது வீட்டு ஆளின் தொழிலாக இருந்தது. வீட்டில் அச்சகமோ கேமராவோ இல்லாதவளுக்கு, வீட்டுக்காரருக்கு அதில் நாட்டமில்லாதவளுக்கு, வழி இல்லை. வீட்டில் கருவி இருப்பதற்குச் சாதியும் வர்க்கமும் வேண்டும். சிவகாசி அச்சகங்களில் தாள் மடிப்பதும் அடுக்குவதும் தைப்பதும் ஒட்டுவதும் பெண்கள். அச்சுத் தொழிலில் பெண் இல்லை என்று யார் சொன்னது? அவர்கள் மடித்த தாளில் என்ன அச்சாக வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியில்தான் 1990களைப் பார்க்கிறேன். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த வீடுகளில் கேபிள் வந்தது. அடுத்தடுத்துச் சேனல்கள் வந்தன. அவற்றுக்கு ஆட்கள் வேண்டும், உடனே வேண்டும், இளம் வயதில் வேண்டும், குறைந்த சம்பளத்துக்கு வேண்டும். லயோலா முதலாகச் சென்னைக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் என்ற இளங்கலைப் பட்டம் வேர்பிடித்தது. தமிழ்ப் பெயரில் அதை யாரும் அழைப்பதில்லை, விஸ்காம்தான். பத்து ஆண்டுக்குள் கோவை, மதுரை, திருச்சி என்று பரவியது. மகளிர் கல்லூரிகள் இதை விரைந்து எடுத்துக்கொண்டன. அரசு நிதி உதவி பெறும் கல்லூரிகளிலும்கூட இந்தத் துறை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில், இரண்டாம் ஷிஃப்டில்தான் வந்தது. அதனால் பக்கத்துக் கட்டிடத்தில் வரலாறு படிக்கும் பெண் கட்டுவதைப் போலப் பல மடங்கு கட்டணத்தை விஸ்காம் படிக்கும் பெண் கட்ட வேண்டும். ஆசிரியர்களுக்கும் நிரந்தரப் பணி இல்லை. சந்தையின் அவசரத்தில் பிறந்த படிப்பு அது. அரசுக் கல்லூரியை நம்பியிருக்கும் குடும்பங்களின் பெண்களை அது எண்ணிப் பார்க்கவே இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்தப் படிப்பு செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. துறையில் கருவி அறை என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஒரு இரும்பு பீரோ, ஒரு மேசை, ஒரு லேப் அட்டெண்டர், ஒரு நீளப் பதிவேடு. தேதி, மாணவி பெயர், பதிவு எண், எடுத்த பொருள், எடுத்த நேரம், திரும்பத் தந்த நேரம், கையெழுத்து. கேமரா ஒன்று, லென்ஸ் ஒன்று, ட்ரைபாட் ஒன்று, பேட்டரி இரண்டு. கையெழுத்துப் போட்டால் கேமரா அவள் கைக்கு வரும். தகப்பனுக்குத் தெரிந்தவர் வேண்டாம், யாருக்கும் உதவியாளராகப் பல வருடம் பையைத் தூக்க வேண்டாம், யாரையும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டாம். கால அட்டவணையில் செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பீரியட் ஒளிப்படச் செய்முறை என்று போட்டிருப்பதே போதும். இது ஒரு சலுகை அல்ல, பாடத்திட்டம். செய்யாவிட்டால் மதிப்பெண் குறையும். பெண்ணிடம் கருவியைத் தொடாதே என்று சொல்லிவந்த ஒரு சமூகத்தில், தொடாவிட்டால் அரியர் என்று சொன்ன முதல் இடம் இந்த வகுப்பறை.

ஃபிலிம் காலத்தில் படித்த பெண்கள் இருட்டறையைப் பற்றிச் சொல்வார்கள். டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் என்று மூன்று தட்டுகள், சிவப்பு விளக்கு, தண்ணீர்க் குழாய். இருபாலர் கல்லூரிகளில் அந்த அறைக்குள் யார் யாரோடு போகலாம் என்பதே பெரிய விவகாரமாக இருந்தது, சில இடங்களில் பெண்கள் போகாமலே படத்தை வெளியில் கழுவக் கொடுத்து ரெக்கார்டை முடித்தார்கள். மகளிர் கல்லூரியில் அந்தச் சிக்கல் இல்லை. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கலாம். வெள்ளைத் தாளில் முகம் மெல்ல மேலெழுந்து வருவதைப் பார்ப்பதற்காகவே நின்றதாக ஒரு பழைய மாணவி சொன்னாள். தாழிட்ட அறையில் ஒரு பெண் தனியாக, தன் வேலைக்காக, நேரம் போவது தெரியாமல் இருப்பது நம் வீடுகளில் எத்தனை பேருக்கு வாய்த்தது?

பெற்றோர் இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டார்கள் என்பது ஆச்சரியம்போல் தோன்றும். அவர்கள் ஒப்புக்கொண்டது வேறொன்றுக்கு. டிவியில் வரலாம் என்பதற்கு. ஆகாசவாணியில் சரோஜ் நாராயணசுவாமியின் குரலை வீட்டில் ஒருவரின் குரலைப்போல் கேட்டு வளர்ந்த தலைமுறை, தூர்தர்ஷனில் ஷோபனா ரவி செய்தி வாசித்ததைப் பார்த்த தலைமுறை அது. செய்தி வாசிப்பது கௌரவமான வேலை, பட்டுப் புடவை, நல்ல தமிழ், முகம் தெரியும். ஆகவே மகள் கேமராவுக்கு முன்னால் நிற்கப் போகிறாள் என்று நம்பி அனுப்பினார்கள். மூன்று ஆண்டு முடிவில் சேனல்களும் அதையேதான் கேட்டன. வளாக நேர்காணலுக்கு வந்தவர்கள் பெண்களை வரிசையாக நிற்கவைத்துத் திரைத் தோற்றம் பார்த்தார்கள், பையன்களிடம் எந்த சாஃப்ட்வேர் தெரியும் என்று கேட்டார்கள். ஒளிப்பதிவில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் காலை நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளினியாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை, சம்பளம் நன்றாக இருந்தது. வருத்தம் எனக்குத்தான்.

வகுப்பறையில் கிடைத்த கருவி, வாசலைத் தாண்டும்போது மீண்டும் கையை விட்டுப் போகிற இடம் இன்டர்ன்ஷிப். அங்கே பதிவேடு கிடையாது. கேமரா மீண்டும் யாரோ ஓர் அண்ணனின் பையில் இருக்கும், அவர் மனது வைத்தால் தருவார். 2013 ஆகஸ்டில் மும்பை சக்தி மில்ஸ் வளாகத்தில், பயிற்சிக் காலத்தில் பணிக்காகப் படமெடுக்கப் போன ஓர் இளம் பத்திரிகைப் படக்கலைஞர் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அதைத் தொடர்ந்த நாட்களில் எங்கள் மாணவிகளின் வீடுகளிலிருந்து துறைக்கு அழைப்புகள் வந்தன. வெளிப்புறப் படப்பிடிப்பு வேண்டாம், கல்லூரிக்குள்ளேயே எதையாவது எடுக்கச் சொல்லுங்கள் என்று. அந்த ஆண்டு ரெக்கார்டுகளில் எல்லாம் வளாகத்து மரங்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2018 அக்டோபரில், வெவ்வேறு நகரங்களில் பெண் பத்திரிகையாளர்கள் தங்கள் ஆசிரியர்களைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, ஆபத்து பாழடைந்த ஆலையில் மட்டும் இல்லை, குளிரூட்டிய செய்தி அறையிலும் இருந்தது என்பது வெளியே வந்தது. தன்மீது போடப்பட்ட அவதூறு வழக்கில் பிரியா ரமணி 2021 பிப்ரவரியில் விடுதலையானார். பல ஆண்டுகள் கழித்தும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது அந்தத் தீர்ப்பு. இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பும் துறைகள், அந்த நிறுவனத்தில் உள்ளகப் புகார்க்குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர்கள் யார் என்று கேட்டு வாங்கி மாணவியின் கையில் கொடுப்பதற்கு ஒரு தாள் போதும். மதிப்பீட்டுப் படிவத்தை மட்டும்தான் கொடுத்தனுப்புகிறோம்.

பட்டம் இல்லாமலே கருவியை எடுத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் கல்லூரியில்தான் நடந்தது என்றாகிவிடும். 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் கபர் லஹரியா தொடங்கியது. எழுதப் படிக்கப் புதிதாகக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், செய்தி சேகரித்து, எழுதி, தாங்களே ஊர் ஊராய்க் கொண்டுபோய் விற்ற இதழ். 2009இல் அதற்கு யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது கிடைத்தது. பின்னர் அவர்கள் செல்போனுக்கும் வீடியோவுக்கும் மாறினார்கள், அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போனது. இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில் 2008 முதல் சங்கம் ரேடியோவை நடத்துகிறவர்கள் தலித் விவசாயப் பெண்கள். காற்றலை பொதுச்சொத்து என்று 1995இல் உச்சநீதிமன்றம் சொன்னதன் பலன் அவர்கள் வரைக்கும் வந்துசேர அத்தனை ஆண்டுகள். அதற்கு மூன்று வருடம் முன்பே, 2005இல், சென்னையில் எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரிக்குச் சமுதாய வானொலி கிடைத்துவிட்டது. நகரத்துக் கல்லூரிக்கு முதலில், கிராமத்துப் பெண்களுக்குப் பிறகு. மாணவிகள் அந்த வானொலியில் சுற்றுப்புறக் குடியிருப்புப் பெண்களின் குரலைப் பதிவு செய்தார்கள், நல்ல காரியம். ஆனால் ஒலிவாங்கியை யார் பிடிக்கிறார், யார் முன்னால் நீட்டுகிறார் என்ற வித்தியாசம் அங்கேயும் இருந்தது. மாச்சனூரில் அந்த வித்தியாசம் இல்லை. என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருத்தி எழுந்து, ‘அவங்களுக்கு டிகிரி வேணாமா மேடம்?’ என்று கேட்டாள். வேண்டும். அவர்களுடைய மகள்களுக்கு நிச்சயமாக வேண்டும். அந்த டிகிரி எங்கே கிடைக்கிறது என்பதுதான் பிரச்சினை.

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்ணுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் அமைந்த திட்டம். அந்தப் பணம் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் நாப்கினுக்கும் ஆகிறது, பல வீடுகளில் கேஸ் சிலிண்டருக்கும். மூன்று ஆண்டுப் பணத்தை ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தால் 36,000. லென்ஸோடு ஒரு நல்ல கேமரா அதற்கு மேல் போகும். ஆகவேதான் கருவி அறை அவசியம். ஆனால் இப்போது பாடத்திட்டக் கூட்டங்களில் வேறு பேச்சு கேட்கிறது. எல்லாரிடமும் செல்போன் இருக்கிறதே, எதற்குக் கேமரா வாங்க வேண்டும், எதற்கு எடிட்டிங் அறை என்று. செல்போனில் எடுக்கலாம்தான். கபர் லஹரியாவும் அதில்தான் எடுக்கிறது. ஆனால் அந்தப் போன் யாருடையது என்று இவர்கள் யோசிப்பதில்லை. எங்கள் வகுப்பில் அண்ணனோடு பங்கிட்டுப் போன் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்பா தினமும் இரவில் வாங்கிப் பார்க்கும் போன்கள் இருக்கின்றன. கேலரியில் ஒரு பையனின் படம் இருந்ததற்காகப் பிடுங்கி வைக்கப்பட்ட போன் ஒன்றில் இறுதியாண்டுக் குறும்படத்தின் பாதிக் காட்சிகள் மாட்டிக்கொண்டதும் நடந்திருக்கிறது. கல்லூரிக் கேமராவுக்கு அந்த ஆபத்து இல்லை. அதை மூடிவிட்டு மாணவியிடமே கருவி இருக்கிறது என்று சொன்னால், சுற்றி வளைத்து மறுபடி கணவன், தகப்பன், அண்ணன் என்ற அதே பாதைக்கு அவளை அனுப்புகிறோம்.

கருவி அறை இருக்கிற இடத்திலும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. பல கல்லூரிகளில் அது மாலை ஐந்துக்கு மூடிவிடும், விடுதிக் கதவு ஆறு, ஆறரைக்கு. இரண்டாம் ஆண்டு ஒளிப்படத் தாளில் இரவு ஒளிப்படம் என்றொரு பயிற்சி உண்டு. ட்ரைபாடில் நிறுத்தி, ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து எடுப்பது. விடுதி மாணவிகளின் ரெக்கார்டுகளைப் புரட்டினால் படங்கள் எல்லாமே மொட்டைமாடியிலிருந்து எடுத்தவை. கீழே தெருவிளக்கு, வண்டிகளின் ஒளிக்கோடு, எதிர்க் கட்டிடத்து ஜன்னல். பையன்களின் ரெக்கார்டில் மீன் சந்தை, பேருந்து நிலையம், தேர்.

எங்கள் துறைக்காரர்கள் ஒருமுறை இதற்காகக் கல்லூரிப் பேருந்தைக் கேட்டு வாங்கினார்கள். இரண்டு ஆசிரியைகள், விடுதிக் காப்பாளரின் ஒரு கையெழுத்து, வீடுகளுக்கு ஒரு கடிதம், அவ்வளவுதான் தேவைப்பட்டது. நானும் கூடப் போனேன். இரவு இரண்டு மணிக்குக் கோயம்பேடு பூச்சந்தை. மூட்டை பிரிக்கிறவர்கள், எடை போடுகிறவர்கள், பூக்கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள். மாணவிகள் ட்ரைபாடைத் தாழ்த்தி அந்தப் பெண்களின் உயரத்துக்குக் கொண்டுவந்து எடுத்தார்கள். திரும்பி வந்து ரெக்கார்ட் எழுதும்போது ஒருத்தி ‘இரவு ஒளிப்படம்’ என்ற தலைப்பை அடித்துவிட்டு ‘வேலை நேரம்’ என்று எழுதியிருந்தாள். பாடத்திட்டத்தில் உள்ள தலைப்பைத்தான் எழுத வேண்டும் என்று புறத்தேர்வாளர் சிவப்பு மையில் திருத்திவிட்டு, முழு மதிப்பெண் போட்டார்.